நாலு கோடும் நிக்குது, நெட்டு மட்டும் வரலை!

மாதத்தில் 20-ம் தேதி என்றால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் உதறல். காரணம், எங்கள் தெரு விசைத்தறி அண்ணாச்சி. நான் பி.காம். படித்தவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவருடைய ஜி.எஸ்.டி. கணக்கு என் மேஜைக்கு வந்துவிட்டது. 'நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன்' என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதான் தம்பி, வீட்ல சும்மாத்தானே இருக்கீய!" என்றார்.

அன்றைக்கும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மஞ்சள் பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 20-ம் தேதி கடைசி நாள். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டவேண்டிய வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. அண்ணாச்சி 50 ரூபாய்க்குக் கோபப்பட மாட்டார். ஆனால் 'தம்பியாலதான் போச்சு' என்று சங்கரன்கோவில் பூராவும் சொல்லிவிடுவார்!

கம்ப்யூட்டரைப் போட்டேன். கணக்கு முழுக்க அதில்தான். இணையதளத்தின் பெயரை அடித்தேன். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்றது. கூகுளை அடித்தேன். அதுவும் இல்லை. வைஃபை பட்டியலைத் திறந்தால் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது. கீழே பொடி எழுத்தில் 'நோ இன்டர்நெட், செக்யூர்டு' என்று ஒரு வாசகம்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "செக்யூர்டுன்னு போட்டிருக்கான்ல தம்பி? அப்ப நெட்டு பத்திரமாத்தான் இருக்கு."

பத்திரமாக இருந்தது. நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்!

ரவுட்டரை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஒயரைப் பிடுங்கி ஊதிவிட்டுச் சொருகினேன். அன்று காலையில்தான் பழைய இணைப்பை விட்டுவிட்டு வேறொரு கம்பெனியின் ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்தேன். வந்த பையன் என் செல்போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டிவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் அதே வைஃபையில் செல்போன் இப்போதும் ஜோராக ஓடுகிறது!

அண்ணாச்சி உடனே தீர்ப்புச் சொன்னார்: "அப்ப கம்ப்யூட்டர்தான் போச்சு."

"இல்லை அண்ணாச்சி, நெட்டுக்காரன்தான் ஏதோ பண்ணிட்டான்."

எங்கள் ஊர்த் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் சண்டை. கடைசியில் கோமதி அம்மன் தவமிருக்க, சுவாமி பாதி சிவன் பாதி திருமாலாக, சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார் என்பது கதை. ஆடித்தபசுக்கு லட்சம் பேர் கூடுகிற ஊரில் பிறந்தும், எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் புத்தி வரவில்லை. கம்ப்யூட்டரா, நெட்டா என்று முக்கால் மணி நேரம் வாதாடினோம்.

செல்போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கம்ப்யூட்டரை அதில் சேர்த்தேன். அதிலும் வரவில்லை! "பாத்தீயளா!" என்றார் அண்ணாச்சி வெற்றியோடு. புதுக் கம்ப்யூட்டர் என்ன விலை என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

ஏழு மணிக்கு டியூஷன் முடிந்து அக்கா பையன் வந்தான். பதினோராம் வகுப்பு. விஷயத்தைக் கேட்டுவிட்டு நின்றபடியே கறுப்புத் திரை ஒன்றைத் திறந்தான். 'பிங்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று எண்ணைப் போட்டான். பதில் மடமடவென்று வந்தது. அடுத்து, எண்ணுக்குப் பதிலாக கூகுளின் பெயரைப் போட்டான். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்றது.

"மாமா, ரோடு நல்லாத்தான் இருக்கு. வழி சொல்ற ஆளுதான் இல்ல" என்றான்.

அந்த வழி சொல்கிற ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டீக்கடைக்காரரைக் கேளுங்கள்

வெளியூர்க்காரர் ஒருவர் நம் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறார். கையில் பெயர் மட்டும் இருக்கிறது. கதவு எண் இல்லை. என்ன செய்வார்? டீக்கடையில் கேட்பார். டீக்கடைக்காரருக்குத் தெரிந்தால் உடனே சொல்வார். தெரியாவிட்டால் யாரையாவது விசாரித்துச் சொல்வார். ஒருமுறை விசாரித்ததைக் கொஞ்ச நாள் ஞாபகம் வைத்துக்கொள்வார். அடுத்து வருகிறவருக்கு விசாரணை இல்லாமலே பதில்.

கம்ப்யூட்டர் உலகில் இந்த டீக்கடைக்குப் பெயர் டி.என்.எஸ். சர்வர். டொமைன் நேம் சிஸ்டம் என்பதன் சுருக்கம். கம்ப்யூட்டர்களுக்கு நடுவே பேச்சுவார்த்தை எல்லாம் எண்களில்தான். மனிதனுக்கு எண் ஞாபகம் இருக்காது, பெயர் வேண்டும். நீங்கள் பெயரை அடித்ததும் உங்கள் கம்ப்யூட்டர் முதலில் டி.என்.எஸ். சர்வரிடம் ஓடிப்போய் 'இவர் எண் என்ன?' என்று கேட்கிறது. எண் கிடைத்த பிறகுதான் பயணமே.

ஆரம்பத்தில் இந்த வசதி கிடையாது. இன்டர்நெட்டின் பாட்டியான அர்ப்பாநெட் காலத்தில், எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அவர்களிடம் சொல்லிப் பதியவேண்டும். மற்றவர்கள் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். ஊர் பெருக்கப் பெருக்க இது தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்பவர், ஜான் போஸ்டலின் தூண்டுதலில், வேலையைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு முறையை வகுத்தார். அதுதான் டி.என்.எஸ். உச்சியில் இருப்பவருக்கு 'டாட் இன்', 'டாட் காம்' பொறுப்பாளர்கள் யார் என்று மட்டும் தெரியும். அவர்களுக்கு அடுத்த கட்டம் தெரியும். இப்படிப் படிப்படியாகக் கீழே இறங்கி வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம்.

பழைய பட்டியலும் முழுசாக அழிந்துவிடவில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு குட்டி ஃபைல் இன்னும் இருக்கிறது. வழக்கமாக, வெளியே விசாரிக்கும் முன் கம்ப்யூட்டர் அதைத்தான் பார்க்கும். தாத்தாவின் டைரி மாதிரி!

என் வீட்டில் நடந்தது

சாதாரணமாக டி.என்.எஸ். எண்ணை நாம் போடவேண்டியதே இல்லை. ரவுட்டரில் சேர்ந்த உடனே 'இவரிடம் வழி கேட்டுக்கொள்' என்று ரவுட்டரே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். செல்போன் அப்படித்தான் ஓடியது.

என் கம்ப்யூட்டரில் மட்டும், பழைய கம்பெனியின் ஆள் என்றைக்கோ வந்தபோது அவர்களுடைய டி.என்.எஸ். எண்கள் இரண்டைக் கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நானும் தலையாட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். கையால் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் ரவுட்டரின் பேச்சைக் கேட்காது. எந்த வைஃபைக்குப் போனாலும் அந்தப் பழைய எண்ணையே கேட்கும். அந்தக் கம்பெனியின் சர்வரோ தன் சந்தாதாரர்களுக்குத்தான் பதில் சொல்லும். காலையில் சந்தாவை நிறுத்தினேன். டீக்கடையில் எனக்குக் கணக்கை முடித்துவிட்டார்கள். ஹாட்ஸ்பாட் போட்டும் வராததற்குக் காரணம் இதுதான்.

ஆக, கம்ப்யூட்டர் மேலும் தப்பில்லை, நெட்டுக்காரன் மேலும் தப்பில்லை. நடுவில் ஒரு பழைய விலாசம்.

மருமகன் செட்டிங்ஸைத் திறந்தான். நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸ். 'டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட்' என்ற வரிக்கு எதிரே 'மேனுவல்' என்று இருந்தது. எடிட்டை அழுத்தி 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினான். கறுப்புத் திரையில் 'ஐ.பி.கான்ஃபிக்' என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' என்று சேர்த்தான். கம்ப்யூட்டர் பழைய ஞாபகங்களைக் கழுவிக்கொள்வதற்கான மந்திரம் அது. எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம். இணையதளம் 'வாங்க, வாங்க' என்று திறந்தது. அண்ணாச்சி செல்போனுக்கு ஓ.டி.பி. வந்து, எட்டேகாலுக்கு ரிட்டர்ன் போட்டு முடித்தோம்.

லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்ற ஃபைலில்தான் டி.என்.எஸ். எண் இருக்கிறது என்று நினைத்து அதைத் திருத்துவீர்கள். மறுநாள் பார்த்தால் பழையபடி ஆகியிருக்கும். காரணம், பெரும்பாலான டெஸ்க்டாப்புகளில் நெட்வொர்க் மேனேஜர் போன்ற ஒரு புரோகிராம் அதைத் திரும்பத் திரும்ப எழுதுகிறது. மாற்ற விரும்பினால் அந்தப் புரோகிராமின் செட்டிங்கில் மாற்றவேண்டும்.

பெரிய இடத்துக்கும் இதே கதிதான்

'ஏதோ சின்ன ஊர்ச் சமாசாரம்' என்று சிரிக்காதீர்கள். நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்துகிற ஜோஹோவுக்கே இது நடந்தது. 2018 செப்டம்பர் 24 அன்று திடீரென்று ஜோஹோ டாட் காம் காணாமல் போனது. அவர்களுடைய சர்வர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜோஹோவின் மெயிலை யாரோ சிலர் மோசடிக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற புகார்களைக் காட்டி, அந்தப் பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனம் பெயரை முடக்கிவிட்டது. கடை திறந்திருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், சரக்கு இருக்கிறது. போர்டை மட்டும் கழற்றியாகிவிட்டது! உலகம் முழுக்க எத்தனையோ ஆபீஸ்களில் வேலை நின்றது. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்கவேண்டியதாயிற்று. பிறகு கிளவுட்ஃபிளேருக்கு மாறிக்கொண்டார்கள்.

2021 அக்டோபர் 4 இரவு ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையில் நடந்த ஒரு தவறால் அந்த நிறுவனத்தின் சொந்த டி.என்.எஸ். சர்வர்களுக்குப் போகும் பாதைகள் இன்டர்நெட்டிலிருந்து விலகிவிட்டன. 'ஃபேஸ்புக் எங்கே?' என்று உலகம் கேட்டது. பதில் சொல்ல ஆள் இல்லை. அன்றைக்கு எங்கள் தெருவில் போனை அணைத்துப் போடாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான்!

டீக்கடைக்காரர் திருடனாக இருந்தால்?

வழி சொல்கிற ஆள் இல்லாவிட்டால் வேலை நிற்கும், அவ்வளவுதான். வழி சொல்கிற ஆளே கள்ளனாக இருந்தால் காசு போகும்.

'டி.என்.எஸ். சேஞ்சர்' என்று ஒரு வைரஸ். கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அது செய்ததெல்லாம், டி.என்.எஸ். எண்ணைத் தன் ஆட்களுடைய எண்ணாக மாற்றியதுதான். அதன்பின் நீங்கள் எந்தக் கடையைக் கேட்டாலும் அவர்கள் காட்டுகிற கடைக்குத்தான் போவீர்கள். 100-க்கும் அதிகமான நாடுகளில் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள் மாட்டின. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., எஸ்தோனியா போலீஸோடு சேர்ந்து கும்பலைப் பிடித்தது. அப்போது ஒரு தர்மசங்கடம். கள்ள சர்வர்களை நிறுத்தினால், அவற்றிடம் வழி கேட்டுப் பழகிய அத்தனை கம்ப்யூட்டர்களும் ஒரே நாளில் இருட்டாகிவிடும்! ஆகவே கோர்ட் அனுமதியோடு, அதே எண்களில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள்.

ரவுட்டரும் தப்பவில்லை. பிரேசிலில் 2011, 2012 வாக்கில் சுமார் 45 லட்சம் மோடம்களில் புகுந்து டி.என்.எஸ். எண்ணை மாற்றியிருந்தார்கள். ரவுட்டரில் மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் தப்பான வழியில் போகும். சரியான பாங்க் பெயரைத்தான் அடிப்பீர்கள். போய்ச் சேருவது அசல் மாதிரியே இருக்கிற வேறொரு பக்கம். பாங்க் பக்கத்தைத் திறக்கும்போது 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் எச்சரித்தால் 'பரவாயில்லை, தொடரு' என்று தயவுசெய்து அழுத்தாதீர்கள். அந்த எச்சரிக்கைதான் கடைசிக் காவல்காரன்.

இன்னொன்று. வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்டு. ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய வேறு பாஸ்வேர்டு. முதலாவதைப் பூட்டிவிட்டு இரண்டாவதை, ஃபேக்டரியில் வைத்த 'அட்மின்' என்ற பெயரிலேயே விட்டுவைப்பவர்கள் ஏராளம். வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு. கொல்லைக் கதவுக்குச் சணல் கயிறு!

எங்கே கோளாறு? மூன்று கேள்விகள்

ஆபீஸிலோ வீட்டிலோ அடுத்த தடவை நெட் நின்றால், கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் பாட்டுக் கேட்பதற்கு முன் வரிசையாக மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: வைஃபை சேர்ந்திருக்கிறதா? சிக்னல் கோடுகள் உங்கள் கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் உள்ள உறவை மட்டும்தான் காட்டும். ரவுட்டருக்கு வெளியே உலகம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. கோடு குறைவாக இருந்தால் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். என் அறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. டெஸ்க்டாப்பில் இன்னொரு தொல்லை: வைஃபை குச்சியைப் பின்பக்கம் சொருகுவோம், அது தகரப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மூச்சுத் திணறும். ஒரு முழம் யு.எஸ்.பி. ஒயர் வாங்கி, குச்சியை மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பெயர் தெரிந்தால், பக்கத்து அறைக்கு 5 நல்லது, வேகம் அதிகம். கெட்டியான சுவர்களைத் தாண்டவேண்டுமானால் 2.4 தேவலை. மேஜையை விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றிலும் உத்தமம் நேராக ஒரு லேன் ஒயர்.

இரண்டாவது கேள்வி: எண்ணுக்குப் பதில் வருகிறதா? மருமகன் செய்த 'பிங்' சோதனைதான். பதில் வராவிட்டால் பெரும்பாலும் கோளாறு ரவுட்டருக்கு வெளியே. இப்போது போன் போடலாம். தைரியமாகத் திட்டவும் செய்யலாம்.

மூன்றாவது கேள்வி: பெயருக்குப் பதில் வருகிறதா? எண்ணுக்கு வந்து பெயருக்கு வராவிட்டால் டி.என்.எஸ்.தான். முதலில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றிப் பாருங்கள். கம்பெனியின் சர்வரே படுத்திருந்தால் பொது சர்வர்கள் இருக்கின்றன. கூகுளின் 8.8.8.8 (2009 முதல்), குவாட்நைனின் 9.9.9.9 (2017 முதல்), கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 (2018 முதல்). மூன்றும் இலவசம். ஆனால் 'இதைப் போட்டால் நெட் பறக்கும்' என்று வீடியோவில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். விசாரிக்கிற நேரம் கொஞ்சம் குறையலாம்; ரோட்டின் அகலம் அதேதான். நீங்கள் எந்தெந்த வீட்டுக்கு வழி கேட்டீர்கள் என்பது வழி சொன்னவருக்குத் தெரியும் என்பதையும் மறக்கவேண்டாம். யாரிடம் கேட்பது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டராக இருந்தால் மட்டும் எதையும் மாற்றாதீர்கள். உள்ளேயுள்ள சர்வர்களின் பெயர்கள் ஆபீஸின் டி.என்.எஸ்.ஸுக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் மாற்றினால் சினிமாச் செய்தி வரும். சம்பளச் சீட்டு வராது!

எதை மாற்றினாலும் பழைய எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். அன்றைக்கு என் பெட்டியில் அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால் இரண்டு மணி நேரம் மிச்சம்.

விளக்கத்தையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி மஞ்சள் பையைச் சுருட்டினார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"அப்ப யார் மேலயும் தப்பில்லையா தம்பி? அந்த ஃபைபர்காரப் பையனை இவ்வளவு நேரம் ஏசினதெல்லாம் வீணாப் போச்சே!"

அவர் போன பிறகு, மருமகன் சொன்னபடி வைஃபை, ரவுட்டர் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றினேன். அவன் பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவன் திரும்பி வந்து நின்றான்.

"என்னலே?"

"புது பாஸ்வேர்டு என்ன மாமா?"